போடியார் படத்துக்கு நின்ற உடம்பு

எங்கள் ஊர் வயலில் பாதி போடியாருக்குச் சொந்தம். மீதியும் தனக்கே சொந்தம் என்று அவர் நினைத்துக்கொண்டிருந்தார். சுதந்திரம் வந்து சில வருடங்களாகியும் நகரத்து அரசாங்கக் கந்தோர் ஒன்றில் இறக்காமல் கிடந்த இங்கிலாந்து இராசாவின் படத்தைப் பார்த்ததிலிருந்து, தன்னையும் அப்படி ஆளுயரத்தில் படமாகக் கீறுவிக்க வேண்டும் என்று அவருக்கு ஆசை பிடித்துவிட்டது.

கீற வந்தவர் அம்மாவின் தம்பி. கோயில் திரையும் தியேட்டர்ப் பலகையும் எழுதுகிறவர். அந்த மாமா கந்தோருக்குப் போய் இராசாவைப் பார்த்துவிட்டு வந்தார். முகத்தில் விசேஷம் ஒன்றுமில்லையாம். பார்க்கிறவனின் கண் இராசாவின் இடுப்பு மட்டத்தில் நிற்கும்படி கீறியிருக்கிறார்களாம். நெஞ்சு நிமிர்ந்து, ஒரு கால் முன்னே, கை வாளின்மேல்.

"நிக்கிற நிலையிலதான் எல்லாம் கிடக்கு" என்றார்.

போடியாரால் நிற்க முடியவில்லை. வாதத்தில் வீங்கிய கால்கள். கொஞ்ச நேரத்திலேயே கதிரை கேட்டு உட்கார்ந்துவிட்டார். இருந்தபடியே அவருடைய முகத்தை மட்டும் கீறிக்கொண்ட மாமா, உடம்புக்கு என் அப்பாவை நிறுத்தினார். அப்பா போடியாரின் வயலைச் செய்கிறவர். முந்தின போகம் வெள்ளத்தில் போனதால், வட்டை வயல்வெளியில் அவர் செய்த காணியை வேறொருவருக்குக் கொடுக்கப் போவதாகக் கதை அடிபட்டது. ஆகவே அப்பா மறுபேச்சுப் பேசவில்லை.

ஒன்பது நாள் நின்றார். காலையில் வயல் வேலை; வெயில் ஏறியதும் போடியாரின் கோட்டு, சரிகைச் சால்வை, வாளுக்குப் பதில் வெள்ளிப்பூண் போட்ட பிரம்பு. "நெஞ்ச நிமித்துங்க மச்சான்" என்று மாமா சொல்லிக்கொண்டே இருப்பார். அப்பா அவ்வளவு உயரம் என்று அதுவரை எனக்குத் தெரியாது. எனக்குப் பெருமை தாங்கவில்லை. அப்பாவோ வீட்டுக்கு வந்ததும் சோற்றுக்குக்கூடக் காத்திராமல் பாயில் சாய்ந்துவிடுவார். அறுவடைக் காலத்திலும் அவர் அப்படிக் களைத்து நான் பார்த்ததில்லை.

படம் மாட்டிய அன்று ஊரே போடியார் வீட்டில் கூடியது. போடியாரின் தலையும் அப்பாவின் உடம்புமாகச் சுவரில் ஓர் இராசா நின்றார். பிரம்பைப் பிடித்த விரலில் இருந்த அரிவாள் தழும்பைக்கூட மாமா விடவில்லை. நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம்.

"அது எங்கட அப்பாட கை" என்றேன், எல்லோருக்கும் கேட்க.

போடியார் படத்தை விட்டுவிட்டு அப்பாவைப் பார்த்தார். அப்பா தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, பாதி உடம்பாகக் குனிந்தார்.

"அறியாத புள்ள, என்னவோ சொல்லுது போடியார். அது உங்கட கைதான்."

போடியார் சிரித்தார். அடுத்த போகமும் நீயே செய் என்றார். காணி தப்பியது.

திரும்பும்போது வாவிக்கரை நெடுகிலும் அப்பா குனிந்தபடியே நடந்தார். ஒன்பது நாள் நிமிர்ந்து நின்றதில் முதுகு பிடித்துக்கொண்டதாக்கும் என்று எண்ணி, எண்ணெய் காய்ச்சித் தடவும்படி அம்மாவிடம் சொன்னேன். அம்மா தடவினார். அப்பாவும் வேண்டாம் என்று சொல்லவில்லை.