ஸ்கேனரில் நின்ற பை

பை உள்ளே போனது, வெளியே வரவில்லை. பெல்ட்டை நிறுத்திவிட்டார்கள். ஹூஸ்டன் விமான நிலையத்தில் எங்களுக்குப் பின்னால் நின்றவர்கள் முணுமுணுக்க ஆரம்பித்தார்கள். நாங்கள் மூன்று பேரும், என் கணவர், நான், மகள், மக்காவுக்கு உம்ரா செய்யப் புறப்பட்டிருந்தோம். வாயில் 'லப்பைக்' என்று ஓதும் தல்பியாவைத் தவிர வேறு பேச்சு இல்லை.

யார் பை என்று அதிகாரி கேட்டதும், பள்ளிக்கூடத்தில் ஆஜர் சொல்வதுபோல என் கணவர் கையைத் தூக்கினார். "மை பேக், சார்."

இவர் என் நாத்தனார் வீட்டு கேஸ் ஸ்டேஷனில், பெட்ரோல் பங்க்தான், கல்லாவில் நிற்பவர். அந்த நாத்தனார் மனு போட்டுத்தான் நாங்கள் கிரீன் கார்டில் இங்கே வந்தோம். வந்த மறு வருஷம் ஒருவன் கடைக்குள் புகுந்து இவர் நெற்றியில் துப்பாக்கியை வைத்துப் பணத்தை அள்ளிப் போனான். அதன் பிறகு முறையாகப் பேப்பர் கொடுத்து இவரும் ஒன்று வாங்கினார். கடைக்கும் வீட்டுக்கும் அது ஒரு கறுப்புப் பையின் அடி ஜிப்பில் போய் வரும். ஜிப் நல்ல உறுதியாக இருக்கிறதே என்று பாஸ்போர்ட்டையும் ஓதுகிற துஆ புத்தகத்தையும் அதே பையில் வைத்துவிட்டார். அடியில் இருந்ததை மறந்துபோனார். அல்லாஹ் அறிவான்.

என் கண்ணெதிரே விலங்கு பூட்டினார்கள்.

ஜாமீனில் வீட்டுக்கு வந்தவர் சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தார். மகள்தான் தைரியம் சொன்னாள். அப்போது மிடில் ஸ்கூல் படித்துக்கொண்டிருந்தாள், ஃபுட்பால் பைத்தியம். அவள் அறைச் சுவரில் ஒரு ஆட்டக்காரரின் படம் இருக்கும். "அத்தா, டோன்ட் வொரி. இவரும் இதே மாதிரி ஏர்போர்ட்ல மாட்டினாரு. நத்திங் ஹேப்பண்ட். அடுத்த வாரமே மேட்ச் ஆடினாரு."

ஹில்கிராஃப்ட் தெருவில் ஒரு வக்கீல், எங்கள் பக்கத்து ஆள்தான், அவரும் அதையே சொன்னார். "அங்கிள், அந்த பிளேயர் கேஸ் மாதிரிதான் இதுவும். கோர்ட்ல ஒத்துக்கிட்டு அவங்க சொல்ற துப்பாக்கி சேஃப்டி கிளாஸ் அட்டெண்ட் பண்ணுங்க. ரெக்கார்டு கூட நிக்காது."

"அவரும் ஒத்துக்கிட்டாராப்பா?" என்று இவர் கேட்டார்.

வக்கீல் சிரித்தார். "அவருக்கு எதுக்கு அங்கிள்? டீம் வக்கீல்ங்க வந்து நின்னதும் கேஸையே டிராப் பண்ணிட்டாங்க."

"அப்ப நாங்களும் அப்படிக் கேட்டா என்ன?" என்றேன் நான்.

இவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். "பையில வெச்சது நாந்தானே. யாரோ வெச்சாங்கன்னா சொல்லச் சொல்ற? உம்ராவுக்குக் கெளம்பின வாயால பொய் வராது."

கோர்ட்டில் நின்று அப்படியே சொன்னார். நீதிபதி, உண்மையைச் சொன்னதற்கு நன்றி என்றார். எனக்குக் கண் நிறைந்துவிட்டது. வெள்ளிக்கிழமை பள்ளிவாசலில் அல்வா கிண்டிக் கொடுத்தோம்.

அந்த ஆட்டக்காரர் பெயர் மறுபடி அடிபட்டது அந்தக் குளிர்காலத்தில். ஏதோ பார்ட்டியில் ஒருவரோடு தகராறு, துப்பாக்கியை எடுத்து அந்த மனிதரின் முகத்துக்கு நேரே நீட்டியிருக்கிறார். வீடியோ எல்லார் போனிலும் ஓடியது. சில மேட்ச்கள் உட்கார வைத்தார்கள். திரும்பி வந்த அன்று மைதானமே எழுந்து நின்று கைதட்டிக் கத்தியது. மகள் டிவி முன்னால் நின்றபடியே பார்த்தாள். கைதட்டவில்லை.

எங்களுக்குக் கடிதம் வந்தது, கிரீன் கார்டைப் புதுப்பிக்கக் கைரேகை கொடுத்துவிட்டு வந்த பிறகு. நாட்டைவிட்டு வெளியேற்றும் வழக்கு. இமிக்ரேஷன் வக்கீல் அம்மா பேப்பர்களைப் புரட்டிவிட்டு என்னைத்தான் பார்த்தார். கோர்ட்டில் அழிந்துபோன வழக்கு இமிக்ரேஷனில் அழியாதாம். துப்பாக்கி விஷயத்தில் வாயால் ஒத்துக்கொண்டால் அதுவே தீர்ப்பாம். மன்னிப்புக் கேட்கவும் அந்தச் சம்பவத்துக்கு முன்பே இங்கே இன்னும் சில வருஷம் இருந்திருக்க வேண்டுமாம்.

"ஒத்துக்காம இருந்திருந்தா?" என்றேன்.

"போராடிப் பார்த்திருக்கலாம்" என்றார்.

வீட்டுக்கு வரும் வழியில், ஃப்ரீவேயில், மகள்தான் பின் சீட்டிலிருந்து கேட்டாள். "அந்த ஜட்ஜ் தேங்க்யூ சொன்னாங்கல்ல? தென் வை?"

அந்த ஆட்டக்காரர் இங்கே பிறந்தவர், அவரை எங்கேயும் அனுப்ப முடியாது. அது அவர் குற்றமில்லை என்று எனக்கும் தெரியும். தெரிந்தும் நெஞ்சு ஆறவில்லை. தொழுகையில் நின்றால் அந்தக் கைதட்டல்தான் காதில் கேட்டது.

தானாகவே ஊருக்குப் புறப்பட்டால் விலங்கில்லாமல் போகலாம் என்றார்கள். புறப்பட்டார். மகள் படிப்புக்காக நாங்கள் இருவரும் நாத்தனார் வீட்டு மாடியில் தங்கினோம். அதே விமான நிலையம். ஜித்தா வழியாக டிக்கெட் போட்டிருந்தார். "போற வழியில உம்ராவை முடிச்சிட்டுப் போறேன்" என்றார். மூவருக்கும் வைத்திருந்த நிய்யத்தை ஒருவராக நிறைவேற்றப் போகிறார்.

மகள் அவர் கையை விடவில்லை. "அத்தா, அங்க போய் அவனுக்கும் துஆ கேப்பீங்களா?" அந்த ஆட்டக்காரரை அவர் என்றவள் அவன் என்று சொன்னதை நான் அப்போதுதான் கவனித்தேன்.

இவர் யோசித்தார். "கேக்கணும்தான்மா. இன்னும் மனசு வரல."

பிறகு வரிசைக்குள் போனார். பெல்ட்டுக்கு இன்னும் தூரம் இருந்தது. யாரும் கேட்கவில்லை. நடந்துகொண்டே பையின் ஒவ்வொரு ஜிப்பையும் திறந்தார், உம்ராவுக்கு உடுத்தும் வெள்ளை இஹ்ராம் துணியை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு அடிவரைக்கும் கையை விட்டுத் துழாவினார்.