வந்தவளை வரவில்லை என்று எழுதினேன்

ஓடிய ஒரு பெண்ணின் பெயருக்கு நேராக ‘தேர்வுக்கு வரவில்லை’ என்று எழுதினேன். அவள் வந்திருந்தாள். என் கண்ணெதிரே ஓடினாள். அன்று ஓடிய அத்தனை பேரிலும் அவள்தான் முதல்... அதனால்தான் அப்படி எழுதினேன்!

அழுதுகொண்டு உங்கள் முன் வந்து நிற்கிறேன் என்று நினைத்துவிடாதீர்கள். எனக்கு அழவும் வராது, கெஞ்சவும் வராது. மரக்காணம் உப்பளத்தில் கூலி வேலை செய்தவளின் மகள் நான். டிராக் பேண்ட் போட்டு, கழுத்தில் விசில் மாட்டிக்கொண்டு பஸ் ஏறியபோது ஊரே திரும்பிப் பார்த்தது. பார்க்கட்டுமே! எங்கள் தெருவிலிருந்து முதலில் வந்த விளையாட்டு ஆசிரியை நான்தான். முதல் எம்.ஃபில். பட்டமும் என்னுடையதுதான். இதைப் பெருமையாகத்தான் சொல்கிறேன்.

அந்தப் பட்டத்தைப் பற்றித்தான் பேச வேண்டும்.

சுனாமி வந்த மறுவருடம் புதுச்சேரியில் ஆய்வுக்குப் பதிவு செய்தேன். பள்ளி மாணவிகளின் ஓட்ட வேகத்தை உயர்த்த ஒரு புதிய பயிற்சி முறை என்பது என் தலைப்பு. ஈரமான களிமண் தரையில், வெறுங்காலோடு, முழங்காலை இடுப்பு வரை தூக்கித் தூக்கி மிதிக்க வேண்டும். அதற்கு ஆங்கிலத்தில் வாய் நிறைய ஒரு பெயர் வைத்தேன். என் வழிகாட்டிப் பேராசிரியர் அசந்துபோனார். “எங்கேம்மா பிடிச்ச இதை?” என்று கேட்டார். “நானே யோசிச்சது சார்” என்றேன்.

நானே யோசித்ததா?... மழைக்காலம் முடிந்ததும் உப்புப் பாத்தியின் தரையை மிதித்து மிதித்து இறுக்குவார்கள். அப்போதுதான் உப்பு மண்ணோடு கலக்காமல் வெள்ளையாக வரும். என் அம்மா முப்பது வருடம் மிதித்தாள். அவளுடைய கெண்டைக்கால் கல்லாக இருக்கும். அதைப் பார்த்துத்தான் எனக்கு அந்த எண்ணமே வந்தது. ஆனால் என் ஆய்வேட்டைப் புரட்டிப் பாருங்கள்... ‘பாத்தி’ என்ற சொல் ஒரு பக்கத்திலும் இல்லை!

ஒன்பதாம் வகுப்பில் இருபது பெண்களை எடுத்துச் சீட்டுக் குலுக்கினேன். பத்துப் பேருக்குப் பன்னிரண்டு வாரம் பயிற்சி. மற்றப் பத்துப் பேருக்கு ஒன்றுமே சொல்லித்தரக் கூடாது. கடைசியில் இரு குழுவையும் ஓடவிட்டு ஒப்பிட வேண்டும். ஆய்வு என்றால் அப்படித்தான். “சொல்லித்தராத குரூப் சுத்தமா இருக்கணும்மா, அதுல கோட்டை விட்டா எல்லாம் போச்சு” என்று பேராசிரியர் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார்.

அமுலுவுக்கு அந்தச் சொல்லித்தராத சீட்டு வந்தது.

ஒல்லியான பெண். அவள் அம்மாவும் உப்பளத்துக்காரிதான். சீட்டைக் கையில் பிடித்துக்கொண்டு என் பின்னாலேயே வந்தாள்.

“டீச்சர், என் சீட்ட மாத்திக் குடுங்க டீச்சர். எனுக்கு ஓடணும்.”

“அதெல்லாம் மாத்த முடியாது. நீ கேரம் ஆடு போ.”

“கேரம் எனுக்கு இன்னாத்துக்கு டீச்சர்? ஆஸ்டல்ல எடுக்கறாங்கன்னு சொன்னீங்களே...”

உண்மைதான். அரசு விளையாட்டு விடுதிக்கு அந்த வருடம் ஆள் எடுத்தார்கள். பள்ளிக்கு ஒரு பெயர்தான் அனுப்பலாம். எனது இறுதி ஓட்டப் பட்டியலில் முதலில் வருபவளின் பெயரையே தலைமையாசிரியை கையெழுத்துப் போட்டு அனுப்புவதாக ஏற்பாடு. தங்க இடம், மூன்று வேளைச் சாப்பாடு, படிப்பு... அமுலு வீட்டுக்கு அது எவ்வளவு பெரிய விஷயம் என்று எனக்குத் தெரியாதா? என்னைவிட யாருக்குத் தெரியும்!

பன்னிரண்டு வாரமும் அவள் கேரம் போர்டின் முன்னால் உட்கார்ந்தாள். கண் மட்டும் மைதானத்தில் இருந்தது. ஒருநாள்கூட நான் அவளைக் கூப்பிடவில்லை. ஆய்வு ஒழுங்கு என்று அதற்கும் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டேன்.

பங்குனி வெயில் ஏறுவதற்கு முன் இறுதி ஓட்டம் வைத்தேன். நூறு மீட்டர், ஒவ்வொருத்தியாக. கையில் ஸ்டாப்வாட்ச். நேரத்தை நான் மட்டுமே பார்த்து நான் மட்டுமே எழுதினேன். என் பயிற்சிக் குழுப் பெண்கள் பறந்தார்கள்! ரேகா என்ற பெண் எல்லோரையும் விஞ்சினாள். என் முறை பலித்துவிட்டது என்று உள்ளுக்குள் துள்ளினேன்.

கடைசி ஆளாக அமுலு வந்தாள்.

விசில் ஊதினேன். அந்தக் கால்... முழங்கால் இடுப்பு வரை ஏறி இறங்கியது. நான் பத்துப் பேருக்கு மாதக்கணக்கில் கத்திக் கத்திச் சொல்லிக்கொடுத்தது, கத்தாமலேயே அவளிடம் இருந்தது. கோட்டைத் தாண்டினாள். வாட்சைப் பார்த்தேன். தட்டிப் பார்த்தேன். ரேகா பக்கத்தில்கூட இல்லை!

“எங்கடி கத்துகின?”

மூச்சு வாங்கிக்கொண்டே சிரித்தாள். “எங்கியும் இல்ல டீச்சர். தையில இருந்து அம்மா கூட பாத்தி மிதிக்கப் போறேன். இஸ்கூலுக்கு முன்னால டெய்லி ரெண்டு மணி நேரம். அதான் காலு உரமாயிடுச்சு.”

யோசித்துப் பாருங்கள்! என் ஆய்வு பொய்யில்லை என்பதற்கு அவளைவிடப் பெரிய சாட்சி வேண்டுமா? ஒரே ஒரு பக்கம் சேர்த்து எழுதியிருந்தால் போதும். ‘இந்தப் பெண் உப்பளத்தில் மிதித்தாள், அதனால் ஓடினாள்’ என்று.

எழுதவில்லை. ஏன்?... அவள் கணக்கில் வந்தால் என் சுத்தமான குழு கெட்டுப்போகும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது பாதிதான் உண்மை. மீதியை இன்றுதான் சொல்கிறேன். அந்த ஒரு பக்கத்தை எழுதினால், என் கண்டுபிடிப்பு என்னுடையதில்லை என்று தெரிந்துவிடும். காலர் வைத்த சட்டை போட்டவர்கள் முன்னால் நான் உப்பளத்துக்காரி மகளாக நிற்க வேண்டியிருக்கும். எனக்கு அது பிடிக்கவில்லை.

‘தேர்வுக்கு வரவில்லை’. இரண்டே சொல். எழுதி முடித்து மூடியைப் பேனாவில் மாட்டினேன்.

மறுநாள் அவள் கேட்டாள். “நானு எத்தினியாவது டீச்சர்?”

“பரவாயில்ல, போ” என்றேன்.

ரேகா விடுதிக்குப் போனாள். எங்கள் பள்ளியிலிருந்து போன முதல் பெண்! இன்று போலீஸ் உடுப்பில் வந்து என் காலைத் தொட்டுக் கும்பிடுகிறாள். என் முறையைக் கற்க விளையாட்டு ஆசிரியர்கள் மாவட்டம் தாண்டி வருகிறார்கள். பயிற்சி முகாம்களில் நான் பேசினால் ஓர் அசைவு இருக்காது. அந்தப் பெருமையை நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். அது பொய்ப் பெருமையும் இல்லை, என் முறை உண்மையிலேயே பலிக்கிறது. அது பலிக்கும் என்று எல்லோரையும்விட நன்றாகக் காட்டியவள் மட்டும் எந்தப் பட்டியலிலும் இல்லை.

அந்த ஜூன் மாதம் பள்ளி திறந்தபோது அமுலு வரவில்லை. ஒரு வாரம் கழித்து ஈ.சி.ஆர். பஸ் நிறுத்தத்தில் பார்த்தேன். சாப்பாட்டுக் கூடையோடு நின்றிருந்தாள்.

“ஆரோவில்ல வேலைக்குப் போறேன் டீச்சர். தோட்ட வேல.” என்னைப் பார்த்துச் சிரித்தாள். “அன்னிக்கி நல்லாத்தான் ஓடனேன்னு நெனச்சேன் டீச்சர். பத்தல போல, இல்ல?”

நான் வாயைத் திறந்தேன்... பஸ் வந்துவிட்டது. நிறுத்தத்தில் நிற்காமல் தள்ளிப் போய் நின்றது. “வரேன் டீச்சர்!” என்று கூடையை இடுப்பில் இடுக்கிக்கொண்டு ஓடினாள்.

என் கட்டைவிரல் தானாக மடங்கி, கையில் இல்லாத ஸ்டாப்வாட்ச்சை அழுத்தியது.

மைதானத்தில் அவள் ஓடிய நேரம் எனக்கு இன்றும் மனப்பாடம். நூற்றில் ஒரு பங்கு விநாடிவரை சொல்வேன். ஆனால் இங்கே எழுத மாட்டேன். அதை முதலில் கேட்க வேண்டியவள் அவள். ஆரோவில் பக்கம் எத்தனையோ முறை போய்விட்டேன்... இன்னும் சொல்லவில்லை.