விக்னராஜாவும் மூன்றாம் மார்க்கும்

சப்பாத்தைக் கழற்றி வெளியே வைத்துவிட்டு, காலுறையோடு காருக்குள் ஏறி, சாரதி இருக்கையில் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார் விக்னராஜா. சிட்னி பாரமட்டா ரோட்டில் பழைய கார் விற்கும் ஒரு கடையின் மெக்கானிக் அவர். ஊரான் காருக்குள் சப்பாத்தோடு ஏறுவது அவருக்கு ஆகாது. கூட வேலை செய்யும் வெள்ளைக்காரர்கள் இரண்டு வருடம் சிரித்துப் பார்த்து, அலுத்துப்போய் விட்டுவிட்டார்கள்.

இருக்கையில் முதுகைச் சாய்த்தே காரைச் சோதிப்பவர். "கண்ணுக்குப் பெயின்ற் அடிக்கலாம், முதுகுக்கு அடிக்கேலாது" என்பார்.

இங்கிலாந்தின் ஜென்சன் இன்டர்செப்டர் கார் என்றால் ஆளுக்குப் பைத்தியம். அறுபத்தாறில் வந்தது முதல் மார்க், அதாவது முதல் வடிவம். அறுபத்தொன்பதில் முகத்தையும் உட்புறத்தையும் கொஞ்சம் திருத்தி இரண்டாவது. எழுபத்தொன்றில் அலாய் சில்லும் புது இருக்கையும் இன்னும் கொஞ்சம் மாறிய முகமுமாக மூன்றாவது. "முதலாவது, பொம்பிளை பாக்க வந்த மாப்பிள்ளை. ரெண்டாவது, தாலி கட்டின மாப்பிள்ளை. மூண்டாவது, சீதனம் வாங்கின மாப்பிள்ளை." கேட்டவர் சிரிக்காவிட்டால் இன்னொரு தரம் சொல்வார்.

இது எழுபத்தைந்தாம் வருடம். கடையின் ஃபோர்மன் அடுத்த மாதம் ஓய்வுபெறுகிறார், அந்த இடம் உனக்குத்தான் என்று முதலாளி வாய்விட்டே சொல்லியிருக்கிறார். ஐந்து வருடம் கார்களுக்கு அடியில் மல்லாந்து கிடந்தவருக்கு அந்தப் பதவியின் மேல் ஆசை இல்லாமலா இருக்கும்? நிறையவே இருந்தது.

இப்போது அவர் ஏறி உட்கார்ந்திருக்கும் இன்டர்செப்டரை வாங்க வந்திருப்பவர் ஸ்ட்ராத்ஃபீல்ட் டொக்டர் இரத்தினசிங்கம். மூன்றாம் மார்க் என்று நம்பி வந்தவர், சோதித்து முடியுமுன்பே நான்கு சில்லுக்கும் எலுமிச்சம்பழம் வைத்துவிட்டார்.

விக்னராஜா முதுகை ஒருமுறை அசைத்துக் கொடுத்தார்.

"சில்லு மூண்டாவதின்ரை. முகமும் மூண்டாவதின்ரை. சீற் ரெண்டாவதின்ரை. ஆரோ வேசம் கட்டி விட்டிருக்கினம், டொக்டர்."

"தம்பி, தேசிக்காய் வைச்சாச்சு. ராகுகாலமும் வரப்போகுது..."

"தேசிக்காய்க்கு மார்க் தெரியுமே?"

இறங்கிப் போய் பொனெற்றைத் திறந்து, காரின் சேஸி எண் பொறித்த தகட்டைத் துணியால் துடைத்துப் படித்தார். முதுகு சொன்னதையே தகடும் சொன்னது.

முதலாளிக்குத் தமிழ் தெரியாது, ஆனால் முகம் படிக்கத் தெரியும். விக்னராஜாவின் தோளில் கை போட்டு, திங்கட்கிழமை ஃபோர்மன் விஷயத்தைப் பேசி முடித்துவிடலாம், இப்போது டொக்டருக்கு ஒரு நல்ல வார்த்தை சொல் என்றார் ஆங்கிலத்தில். டொக்டரும் ஆவலோடு வாயைப் பார்த்துக்கொண்டு நின்றார். 'திறம் கார்' என்று சொன்னால் மூவருக்கும் சந்தோஷம்.

முன்கண்ணாடியில் முதலாளி தம் கையாலேயே வெள்ளைச் சாயத்தில் 'மார்க்' என்று எழுதி, பக்கத்தில் மூன்று கோடு போட்டிருந்தார். விக்னராஜா பெருவிரலை நாக்கில் நனைத்து, மூன்றாவது கோட்டை அழித்தார்.