பலகையில் நடந்த பூதம்

அந்தப் பூதம் முக்கால் சாண் உயரம்தான் இருந்தது. உள்ளே, ரப்பர் மரத்தில் பால் பிடிக்கும் மங்கு கட்டுகிற கம்பி. மேலே, மரத்தில் காய்ந்த ஒட்டுப்பாலை உருட்டி ஒட்டிய தோல். முதுகில், அம்மாவின் சீப்பை உடைத்துச் செருகிய முட்கள். பல்லியா முதலையா என்று கேட்டால் அதைச் செய்த அண்ணனுக்குக் கோபம் வரும். குருண் ஊருக்குப் பக்கத்து ரப்பர் தோட்டத்தில், எங்கள் லயத்து வரிசை வீட்டில் உப்பு டப்பா வைக்க இருந்த ஒரே பலகையை அது பிடித்துக்கொண்டது. இத்தனை வருடம் கழித்தும் அதை நினைத்தால் எனக்கு முதலில் வருவது எரிச்சல்தான்.

ஜப்பான் சண்டைக்கு முன்னால் அண்ணன் சுங்கை பட்டாணியில் ஒரு படக்கொட்டகையில் டிக்கெட் கிழித்துக்கொண்டிருந்தான். அங்கே வந்த வெள்ளைக்காரர் படம் ஒன்றில் மலையளவு பூதம் ஊரை மிதித்து நாசமாக்குமாம். கொட்டகையே அலறியபோது இவன் மட்டும் அலறவில்லை. படம் ஓட்டுகிறவர் அறுந்த சுருளை ஒட்டும்போது வெட்டிப் போட்ட துண்டுகளைப் பொறுக்கி, வெயிலில் பிடித்துப் பார்த்திருக்கிறான். ஒரு கட்டத்துக்கும் அடுத்த கட்டத்துக்கும் பூதம் நூலளவுதான் நகர்ந்திருந்தது. "அது பொம்மை! நகத்தி நகத்திப் படம் புடிச்சிருக்கான்" என்று தோட்டம் முழுக்கச் சொல்லித் திரிந்தான். பூதம் எப்படித் திக்கித் திக்கி நடக்கும் என்று லயத்து வாசலில் நடந்தும் காட்டினான். இப்போது என் பேரப்பிள்ளைகள் பார்க்கும் படங்களில் பூதங்கள் ஒரு தடங்கலும் இல்லாமல் ஓடுகின்றன. அண்ணன் பார்த்தால் அதிலும் குற்றம் சொல்லியிருப்பான்.

ஜப்பான்காரன் வந்ததும் கொட்டகை வேலை போயிற்று. ரப்பர் வாங்க ஆளில்லை, மரவள்ளிக்கிழங்கு நட்டுத் தின்றோம். ஊரே வயிற்றைக் கட்டிக்கொண்டு கிடந்த காலத்தில் இவன் பூதம் செய்தான். கேமராவுக்கு எங்கே போவது? நான்தான் கேமராவாம். தினமும் காலையில், வெயில் சன்னல் கட்டையைத் தொடும் நேரத்தில் அவன் பொம்மையை நூலளவு நகர்த்துவான். நான் வாசற்படியில் நின்று ஒரே ஒரு தடவை பார்த்து, கண்ணை மூடிக்கொண்டு திரும்பிவிட வேண்டும். "மனசுல சேத்து வை பாப்பா. பலகை முடியுறப்ப மொத்தமா ஓட்டிப் பாரு, நடக்கும்." எனக்குப் பதினான்கு வயது, புல் வெட்டப் போகிற அவசரம். பிந்தினால் நிழல் மாறிவிட்டது என்று திட்டுவான். அம்மா ஒருநாள் தூசி தட்டியதற்கு, தோலில் விரல் தடம் விழுந்துவிட்டதென்று சாப்பிடாமல் கிடந்தான். "கெடக்கட்டும், கெழங்காவது மிஞ்சும்" என்றாள் அம்மா.

பிறகு சயாமில் ரயில் பாதை போட ஆள் பிடித்தார்கள், வீட்டுக்கு ஒருவர். தோட்டத்துக் கணக்கெழுதும் கிராணி பட்டியலோடு வந்து, "மூணு மாசந்தான் லா, திரும்பிடலாம்" என்றார். அதற்கு முன் போனவர்களில் ஒருவரும் திரும்பியிருக்கவில்லை. அப்பா இல்லாத வீட்டில் இருந்த ஒரே ஆண்பிள்ளை அண்ணன்தான். மறுநாள் ஆள் ஏற்ற லோரி வருவதற்குள், விடிந்ததும் மெர்போக்கிலிருந்து மாமா வந்து, காட்டுப் பாதையில் கூட்டிப்போய் அவனை ஒளித்துவைப்பதாக ஏற்பாடு. சொன்னபடி மாமா வந்தார். அம்மா கிழங்கை அவித்து மூட்டை கட்டினாள். இவன் பலகை முன்னால் போய் நின்றான்.

"கால் அந்தரத்துல நிக்குது மாமா. வெயில் வரட்டும், எறக்கி வச்சிட்டு வந்திடுறேன்."

"டேய், லோரி வந்துடும்டா!" அம்மா தலையில் அடித்துக்கொண்டாள்.

நான் அதைப் பிடுங்கி வெளியே வீசியிருக்க வேண்டும். வீசாமல், வழக்கம்போல வாசற்படியில் போய் நின்றேன். வெயில் சன்னலுக்கு வந்தது, அவன் காலை இறக்கினான், நான் கண்ணை மூடினேன். திறந்தபோது லயத்து முனையில் லோரி நின்றது. மாமா பின்பக்கமாக ஓடித் தப்பினார். அண்ணனை ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள். மூட்டை அம்மாவின் கையிலேயே இருந்தது.

மறுநாளிலிருந்து அந்தச் சனியனை நான் நகர்த்தினேன். தினமும், அதே வெயிலில், நூலளவு. காய்ச்சலில் கிடந்த நாளிலும் எழுந்துபோய் நகர்த்தினேன். நிறுத்தினால் அவன் செத்துவிடுவான் என்று எனக்குப் பயம். அம்மா அதன்பின் அங்கே தூசி தட்டவில்லை. பலகை முடிந்ததும் பொம்மையைத் திருப்பிவிட்டேன். இரண்டாம் முறையும் முடிந்தது, மறுபடி திருப்பினேன்.

ஜப்பான்காரன் தோற்றுச் சில மாதம் கழித்து அவன் வந்தான். வாசலில் நின்றவனை அம்மாவுக்கே அடையாளம் தெரியவில்லை. காலெல்லாம் புண், முகத்தில் கண் மட்டும்தான் மிச்சம். அம்மா கத்தி அழுதாள், லயமே கூடிவிட்டது. அவன் எல்லாரையும் விலக்கிக்கொண்டு பலகைக்குப் போனான். தூசியில் கிடந்த தடத்தைக் குனிந்து வெகுநேரம் பார்த்தான்.

"இழுத்துக்கிட்டே போயிருக்கே பாப்பா. காலத் தூக்கவே இல்ல. இது நடக்கல, வழுக்குது."

ஓங்கி முதுகில் ஓர் அடி வைத்தேன். கையில் எலும்புதான் பட்டது. "வெளிய போடா!" என்று கத்தினேன். கத்திக்கொண்டே அவன் சட்டையை இரண்டு கையாலும் பிடித்திருந்தேன், அம்மா வந்து விரல் விரலாகப் பிரிக்கும்வரை விடவில்லை.