எல்லோருக்கும் வேண்டிய முனிராஜ்

முனிராஜ் போய்விட்டான் என்ற செய்தி எனக்குக் கடைசியாகத்தான் வந்தது. மத்திகிரியில் கம்பெனி பஸ் ஏறியபோது ஒருவர் முகத்திலும் ஈயாடவில்லை. முன்னால் கன்னடத்தில் ஒரு பேச்சு, பின்னால் தெலுங்கில் ஒரு பேச்சு. என் பிரிவில் வேலை செய்யும் சிவண்ணாதான் கையைப் பிடித்து உட்காரவைத்து, "சார், நம்ம முனிராஜ் விடியக்காலம்..." என்று நிறுத்தினார். நெஞ்சுவலியாம். கெலமங்கலத்திலிருந்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவரும் வழியிலேயே முடிந்துவிட்டதாம். துக்கம் பிறகு வந்தது. முதலில் வந்தது கோபம். பஸ் முழுக்கத் தெரிந்த பிறகுதானா எனக்கு?

அவனை அறிந்த நீங்கள் எல்லோரும் இந்த நினைவு மலரில் 'அவர்' என்றுதான் எழுதுவீர்கள். நான் 'அவன்' என்றே எழுதுகிறேன். ஒரே வயது, ஓசூர்த் தொழிற்சாலையின் திட்டப் பிரிவில் எதிரெதிர் மேசை. இந்த உரிமையையாவது விட்டுக்கொடுப்பதாக இல்லை.

நான் தஞ்சாவூர்ப் பக்கம். தமிழை விட்டால் ஆபீஸ் இங்கிலீஷ், அவ்வளவுதான். அவனுக்கு வீட்டில் தெலுங்கு, சந்தையில் கன்னடம், பள்ளிக்கூடத்தில் தமிழ். யாரைப் பார்த்தாலும் அவரவர் பாஷையில் பேச்செடுப்பான், அந்த ஆள் அங்கேயே உருகிவிடுவார். அதே ஆளுக்கு நான் வணக்கம் சொன்னால் பதில் வணக்கம் மட்டும் வரும். எனக்கு வயிறு எரியும்.

எங்கள் கேன்டீன் சாம்பாரில் பெங்களூர் வழக்கப்படி வெல்லம் போடுவார்கள். முனிராஜ் கன்னடத்தில் ஏதோ சொல்ல, சமையல்காரர் முகம் மலர்ந்து இன்னொரு கரண்டி ஊற்றுவார். என் எதிரில் வந்து உட்கார்ந்ததும், "என்னாய்யா இது, பாயசத்துல முருங்கக்காய போட்டு வெச்சிக்கிறான்" என்பான். பிறகு என் டப்பாவைத் திறந்து, "உன் தயிர்சோத்துக்கு அதுவே தேவல. காய்ச்சக்காரன் திங்கறது" என்று சொல்லிக்கொண்டே பாதியைக் காலி செய்வான். ஊருக்கெல்லாம் பாராட்டு, எனக்கு மட்டும் இது.

எங்கள் பிரிவுக்குக் கம்ப்யூட்டர் வந்த புதிதில், செருப்பை வெளியே விட்டுவிட்டுத்தான் அந்தக் குளிர் அறைக்குள் போகவேண்டும். எனக்கு அதைத் தொடவே பயம். பயத்தில் ஓங்கித் தட்டுவேன். "கதவா தட்டற? உள்ள யாரும் தூங்கல. மெதுவா தொடுய்யா. அதுக்கு ஏன் மூஞ்சிய இப்டி வெச்சிக்கினு உக்காந்துக்கற?" என்று எல்லோர் முன்னாலும் சத்தம் போடுவான். அடுத்த நாற்காலியில் சிவண்ணாவும் அதே தப்பைத்தான் செய்வார். அவர் தோளில் கை போட்டுக் குழந்தைக்குச் சொல்வதுபோல் கன்னடத்தில் சொல்லித்தருவான். நான் கண்ணாடியைத் துடைப்பதுபோல் திரும்பிக்கொள்வேன்.

சொந்த ஊரான கெலமங்கலத்தில் வீடு கட்டிக்கொண்டு போகும்வரை மத்திகிரியில் எனக்குப் பக்கத்துத் தெருவில்தான் குடியிருந்தான். அப்போது எங்கள் ஆன்டெனாக்கள் பெங்களூர்ப் பக்கமே திரும்பி நிற்கும், சென்னை எட்டாது. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் கன்னடப் படம் போட்டால் முனிராஜ் வந்து உட்கார்ந்து வசனத்தையெல்லாம் தமிழில் சொல்வான். கதாநாயகி அழும்போதுகூட என் மனைவியும் பெண்ணும் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். அவன் வராத ஒரு வாரம் நானே சொல்லிப் பார்த்தேன். "அப்பா, நீங்க சும்மா இருங்க. நாங்க படத்தையே பாத்துக்கறோம்" என்றாள் பெண். மறுநாள் நான் அவனிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. ஏனென்று அவனுக்குத் தெரியாது.

கேன்டீனில் நடந்த இரங்கல் கூட்டத்தில் மூன்று பாஷையிலும் பேசினார்கள். அவன் அருமையாகப் பாடுவான் என்றார் சிவண்ணா. பாட்டா? என்னிடம் ஒரு வரி முணுமுணுத்தது கிடையாது. பேசிய ஒவ்வொருவரும் தன்னோடுதான் அவனுக்கு நெருக்கம் என்றார். என்னைக் கூப்பிட்டபோது தொண்டை சரியில்லை என்று சொல்லி உட்கார்ந்துவிட்டேன். எழுந்து நின்று எதைச் சொல்ல? அவன் என்னைத் திட்டியதையா?

காரியத்தன்று கெலமங்கலம் போனேன். அவன் மனைவி சரோஜாவிடம் என்னால் கேட்காமல் இருக்க முடியவில்லை. "முனிராஜ் பாடுவானாமே? எனக்குத் தெரியாமலே போச்சும்மா."

"யாரு கேட்டாலும் பாடுவாருண்ணா. யாரு மனசும் நோவக் கூடாது அவருக்கு. எங்கிட்டயும் அப்டித்தான். கொழம்புல உப்பே இல்லன்னாலும் நல்லாக்குதுன்னுதான் சொல்லுவாரு. நெஜமாவே எது புடிக்கும், எது புடிக்காதுன்னு எனக்குக் கடைசி வரைக்கும் தெரியல." முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "உங்கள மட்டுந்தான் திட்டுவாரு. 'அந்தாள்கிட்ட போனா நான் நல்லவனா இருக்க வேணாம், நிம்மதியாக்குது'ன்னுவாரு. எனக்கு உங்க மேல அவ்ளோ வயித்தெரிச்சலுண்ணா."

பஸ்ஸில் திரும்பும்போதுதான் நான் அவனுக்காக அழுதேன்.

நண்பர்களே, அவன் பாட்டையும் சிரிப்பையும் தோளில் போட்ட கையையும் நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். அவன் திட்டியதெல்லாம் என்னுடையது. இங்கே கொஞ்சம் எழுதிவிட்டேன். மீதியை யார் கேட்டாலும் சொல்ல மாட்டேன்.