'ஆம்' என்று சொன்னது யார்?

செயலி எழுதும் தொழிலில் நிம்மதி என்பது அடுத்த போன் வரும்வரைதான். ஒரகடத்தில் கார் உதிரிபாகத் தொழிற்சாலை ஒன்றுக்கு, ஸ்கேனர் பொருத்திய கைபேசியில் ஓடும் செயலியை எழுதிக் கொடுத்தவன் நான். திரையில் திடீரென்று ஒரு சின்னப் பெட்டி வந்து 'ஆம்', 'இல்லை' கேட்குமே, அதனால் நொந்தவர்கள் உங்களில் யாராவது இருந்தால் என்னைத் தாராளமாகத் திட்டலாம்.

பேக் பட்டனுக்குப் பூட்டு

ட்ரேயில் அடுக்க வேண்டியதை விட்டு வேறு பாகத்தை ஸ்கேன் செய்தால் 'தவறான பாகம். தொடரலாமா?' என்று பெட்டி வரும். ஆட்கள் அதைப் படிக்காமலே, திரைக்குக் கீழே விசையாக இருக்கும் பேக் பட்டனைத் தட்டி விரட்டினார்கள். எனக்கு எரிச்சல். பெட்டி திறந்திருக்கும்போது பேக் பட்டன் வேலை செய்யாதபடி பூட்டினேன். மறுநாளே லைன் சூப்பர்வைசர் குமரவேல் கூப்பிட்டார். கையுறை போட்ட விரலைத் திரை கண்டுகொள்ளவில்லையாம். பெட்டியை மூட கைபேசியையே ஆஃப் செய்து ஆன் செய்கிறார்களாம்.

"சார், உங்க பொட்டிக்கு பதில் சொல்லவே தனியா ஒரு ஷிப்ட் போடணும் போல கீது."

பதிவில் ஒரு பெயர்

சரியென்று, கைபேசியின் என்டர் விசையை அமுக்கினால் 'ஆம்' என்று எடுத்துக்கொள்ளும்படி மாற்றினேன். பத்து நாள் அமைதி. அப்புறம் தவறான பிரேக் பாகங்கள் ஒரு ட்ரே நிறைய வெளியே போய்த் திரும்பி வந்தன. என்னைத் தொழிற்சாலைக்கு வரச் சொன்னார்கள். பதிவில் வரிசையாக 'ஆம்', பெயர் ஸ்டெல்லா. மண்ணூரிலிருந்து வரும் ஒப்பந்தத் தொழிலாளி. சாயங்காலத்துக்குள் கேட் பாஸைப் பிடுங்கி வேலையை விட்டு அனுப்பிவிடுவார்கள் என்றார் குமரவேல். செயலி பொய் சொல்லாது என்று நானும் ஒத்து ஊதினேன். இப்போது நினைத்தாலும் கூசுகிறது. ஸ்டெல்லா என்னைப் பார்த்துத்தான் பேசினார்.

"நான் அமுக்கவே இல்ல சார். பொட்டி வந்துச்சு, அதுவா போச்சு. இன்னா எழுதிகீதுன்னு படிக்கக்கூட வுடல."

ஸ்கேனரின் பழக்கம்

எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. லைனில் அவர் பக்கத்தில் போய் நின்று, தவறான பாகம் ஒன்றைக் கொடுத்துப் பார்த்தேன். பெட்டி வந்த அதே நொடியில் அவர் கை அடுத்ததை ஸ்கேன் செய்துவிட்டது, பெட்டி மறைந்தது. பார்கோடைப் படித்து முடித்ததும் ஸ்கேனர் தானாகவே ஒரு என்டர் அனுப்பும். அது எனக்குத் தெரிந்த விஷயம்தான். அந்த என்டரைத்தான் என் பெட்டி 'ஆம்' என்று எழுதிக்கொண்டிருந்தது.

நேரே மேனேஜரிடம் போய் தப்பு என்னுடையது என்றேன். குரலை உயர்த்தாமல் அரை மணி நேரம் வாங்கு வாங்கென்று வாங்கினார். ஸ்டெல்லாவின் பாஸ் தப்பியது. பெட்டி வந்ததும் ஸ்கேனர் நின்றுவிடும், விசையை இரண்டு நொடி அழுத்திப் பிடித்தால்தான் பதில் என்று மாற்றிவிட்டு ஸ்டெல்லாவிடம் மன்னிப்புக் கேட்டேன். அவர் விசையை ஒருமுறை பிடித்துப் பார்த்தார்.

"வுடுங்க சார். இனிமே தப்பு வந்தா, நான் பண்ணதாவாச்சும் இருக்கும்."

கேள்வி கேட்கும் பெட்டியைச் செய்ய எனக்கு அரை நாள் போதுமாக இருந்தது. பதில் சொன்னது யார் என்று பார்க்கத் தோன்றுவதற்குத்தான் ஒருவருடைய வேலை போகப் பார்க்க வேண்டியிருந்தது.