தாழ்ப்பாள் எந்தப் பக்கம்?

இன்று மதியம் கரியாலூர் பேருந்து. மலை ஏற ஏற மூடுபனி சன்னல் வழியே வந்து மடியில் உட்கார்ந்துகொண்டது.

அடுத்த வாரத் தேர்வுக்காக அந்தப் பழைய ஆங்கிலப் பேய்மாளிகை நாவலை மூன்றாவது முறையாகப் படித்துக்கொண்டிருந்தேன். பாதி படிப்பு, பாதி தூக்கம்.

பக்கத்தில் ஒரு பெண். தாலிக்கயிற்றில் மஞ்சள் இன்னும் வெளுக்கவில்லை.

"இன்னா கதக்கா இது?"

சொன்னேன். கல்யாணமாகி ஒருத்தி மாளிகைக்கு வருகிறாள். மாடியில் எப்போதும் மூடியே கிடக்கும் அறை. உள்ளே யாரோ நடக்கும் சத்தம்.

கைடில் இருந்ததையும் சேர்த்துவிட்டேன். பனி என்றால் மனக்குழப்பம், மூடிய அறை என்றால் புதைத்த ரகசியம்.

அவள் வெள்ளையில் கரைந்துகொண்டிருந்த மரங்களையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அந்த ரூமுக்குத் தாப்பாள் எந்தப் பக்கம்கா? உள்ளயா, வெளியவா?"

"தெரியலயேம்மா. ஏன்?"

"எங்க ரூமுக்கு வெளிய மட்டுந்தாங்க்கா இருக்குது. உள்ள ஒண்ணு வையுங்கன்னு கேட்டா, உனக்கு எதுக்குன்றாங்க."

சிரித்துக்கொண்டேதான் சொன்னாள்.

டிக்கெட்டின் பின்னால் என் நம்பரை எழுதி நீட்டினேன். சுருட்டி இடுப்பில் செருகிக்கொண்டு அடுத்த நிறுத்தத்தில் இறங்கினாள். பனிக்குள் ஒரு பைக்கின் விளக்கு மட்டும் காத்திருந்தது.

வீடு வந்து நாவலைப் புரட்டினேன். தாழ்ப்பாள் வெளிப்பக்கம்தான். கைடில் அதற்கு அர்த்தம் எதுவும் போடவில்லை.

உங்கள் வீட்டில் எந்தப் பக்கம்? கொஞ்சம் எழுந்து போய்ப் பார்த்துவிட்டு வந்து சொல்லுங்களேன்.